14 வருட ஓபிஜி அனுபவம்: படம் எங்கே கெடுகிறது?

ஸ்கேன் சென்டரில் ஓபிஜி, அதாவது இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் விழும் பல் எக்ஸ்ரே, எடுக்கும் வேலை எனக்கு. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது, மெஷினும் மாறியது. இப்போதைய மெஷின், தலை முன்பின் நகர்ந்திருந்தால் ஓரளவு தானே சரிசெய்துகொள்கிறது. ஆனால் நாக்கை நோயாளிதான் தூக்கி வைக்க வேண்டும்.

நான் அதிகம் பார்த்த தவறு அதுதான். தலை நேராக இருக்கிறதா என்று காட்டும் லேசர் கோடு மூக்கு நடுவில் கச்சிதமாக விழுந்திருக்கும். நாக்கு மட்டும் கீழே கிடக்கும். நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையிலுள்ள காற்று, மேல்பற்களின் வேர் நுனிமேல் கறுப்புப் பட்டையாக விழுந்துவிடும். வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கத்தானே டாக்டர் படமே கேட்டிருப்பார்! "நாக்கை மேலே ஒட்டுங்க" என்றால் பலர் நுனியை மட்டும் பல்லில் வைப்பார்கள். அதனால் இப்படிச் சொல்கிறேன்: "எச்சிலை முழுங்குங்க... நாக்கு மேலே போய் ஒட்டுச்சில்ல? மெஷின் நிக்கிற வரைக்கும் அங்கேயே வச்சிருங்க." சுமார் 15 விநாடிதான். வயதானவர்களுக்கு ஒருமுறை ஒத்திகையும் உண்டு.

முகவாய் தாழ்ந்தால் பல்வரிசை 'வி' போல வளையும், கீழ் முன்பற்கள் மங்கும். அண்ணாந்தால் அண்ணத்து எலும்பு மேல்வேர்களை மறைக்கும். கடிக்கும் கட்டையின் பள்ளத்தில் முன்பல் உட்காராமல் முன்னே போனால் பல் ஒல்லியாகும், பின்னே போனால் அகலமாகும். மெஷின் தெளிவாகப் பிடிப்பது லாட வடிவப் பட்டை ஒன்றை மட்டுமே, முன்பல் பக்கம் அது மிகக் குறுகல். கூன் போட்டு நின்றால் கழுத்தெலும்பு நடுவில் வெள்ளைத் தூணாக விழும். கைப்பிடியைப் பிடித்து, காலை ஓரடி முன்னே வைக்கச் சொன்னால் கழுத்து நிமிர்ந்துவிடும்.

நகைதான் என்னை வருத்திய விஷயம். ஒரு பாட்டிக்கு வலது தோட்டின் திருகாணி இறுகிப்போயிருந்தது. "காதுலதானப்பா இருக்கு, பல்லுல இல்லையே" என்றார். நானும் விட்டுவிட்டேன். மெஷின் தலையைச் சுற்றுவதாலும், கதிர் சற்றே கீழிருந்து மேல்நோக்கி வருவதாலும் அந்தத் தோட்டின் நிழல் எதிர்ப்பக்கம், உயரத்தில், பெரிதாக, மங்கலாக இடது மேல் கடைவாய்ப்பல்மேல் விழுந்தது. டாக்டர் கேட்டிருந்ததே அந்தப் பல்லைத்தான். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கதிரளவு குறைவுதான் என்றாலும் அந்த இரண்டாவது தடவை என் தவறால் அவர் உடம்பில் பாய்ந்தது. தேங்காயெண்ணெய் தடவி, பேத்தி பத்து நிமிடம் பொறுமையாகத் திருகிக் கழற்றினாள்.

அன்றிலிருந்து மெஷின் பக்கத்து அலமாரியில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி இருக்கிறது.