கயிறா, கம்பியா, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

ஒரு போட்டித் துவக்கின் குழலை நான் முதன்முதலில் கெடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. சுட்டுக் கெடுக்கவில்லை, துடைத்துக் கெடுத்தேன். சுடும் கழகத்தில் குழலைத் துடைக்க இருந்தது மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி. ரவை அறையைப் பின்னால் மூடும் போல்ட்டைக் கழற்றப் பஞ்சிப்பட்டு, வாய்ப்பக்கமாகவே விட்டு விட்டு இழுப்போம். இரண்டு வருடத்தில் அந்த .22 துவக்கின் குறூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம், 50 மீற்றரில் விரிந்துகொண்டே போனது. ரவையை மாற்றினோம், சுடுபவரை மாற்றினோம். கடைசியில் யாரோ பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். வாய்விளிம்பில் கடிகாரத்தின் நாலு மணிப் பக்கம் மட்டும் புரியின், அதாவது சன்னத்தைச் சுழற்றும் உள்வரிகளின், முனை மழுங்கிப் பளபளவென்று இருந்தது. சன்னம் குழலை விட்டு வெளியேறும் கணத்தில் கடைசியாகத் தொடும் இடம் அது. ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு அந்தப் பக்கத்தால் முந்திக்கொண்டு சீறும், சன்னத்தின் பின்பக்கம் சரியும். 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்தான். அதைத் தவறவிட அந்தச் சரிவு தாராளம்.

இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. .308 போன்ற பெரிய ரவையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல் வரை போகும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் குழலின் தொண்டை, ரவை அறை முடிந்து புரி தொடங்கும் இடம், வெடித்து வெடித்து, சில ஆயிரம் ரவைகளில் துல்லியம் போய்விடும். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. .22 அப்படி இல்லை. அழுத்தம் 24,000 அளவில், மருந்து ஒரு சிட்டிகை, சன்னம் மெல்லிய ஈயம். பல்லாயிரம் ரவைகள் சுட்டாலும் உருக்கு தாங்கும். அதைச் சாகடிப்பது பெரும்பாலும் நம்முடைய கைதான், கொழும்பில் என்றால் அதோடு கறளும்.

முதலில் கயிறு. துணிப்பாம்பு மாதிரி ஒன்று வருகிறதே, போர்ஸ்நேக், அதைத்தான் சொல்கிறேன். பித்தளைக் குண்டைப் பின்பக்கத்தால் போட்டு, வாயால் ஒரே இழுவை. காற்சட்டைப் பையில் கொண்டு போகலாம். கம்பியால் அடிபடும் பயம் இல்லை. ஆனால் கயிறு அப்பாவி என்று நினைக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் படைத் துவக்கான லீ-என்பீல்ட் .303இன் பின்கட்டைக்குள் ஒரு எண்ணெய்ப் போத்தலும் ஒரு இழுகயிறும் வைத்திருப்பார்கள். சரிவாக இழுத்து இழுத்து, குழல் வாயில் கயிறு தடம் பதித்த துவக்குகள் ஏராளம். கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தடம் பார்த்திருப்பீர்கள், அதேதான். மண் ஒட்டிய நூல் உருக்கையும் அராவும்.

கயிற்றின் இரண்டாவது குறை நம் ஊருக்கே உரியது. அழுக்கான கயிறு என்றால் போன முறை எடுத்த கரியை இந்த முறை திருப்பிக் குழலுக்குள் பூசுவதுதான். ஆகவே சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவினால் காய வேண்டும். ஐப்பசி மழையில் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு துவாயே இரண்டு நாள் காயாது. உள்நூல் ஈரமாக இருக்கும் கயிற்றைக் குழலில் இழுப்பதைவிட இழுக்காமலே விடலாம். அப்புறம், இற்றுப்போன கயிறு நடுக்குழலில் அறுந்தால் அந்த நாள் போனது.

கம்பிக்கு வருவோம். இதில் எனக்கு நடுநிலை கிடையாது. பொருத்து வைத்த அலுமினியக் கம்பி வேண்டவே வேண்டாம். அலுமினியம் மெத்து, குழலில் இருக்கும் பொடியைத் தன்மேல் பதித்துக்கொண்டு அரத்தாள் ஆகிவிடும். பொருத்தும் இடங்கள் புரியில் தட்டும். ஒரே நீளமாக, பிளாஸ்டிக் பூசிய உருக்குக் கம்பி, கைப்பிடி சுழல்வது, அதுதான் சரி. கைப்பிடி சுழன்றால்தான் பிரஷ் புரியோடு சேர்ந்து திரும்பும். இல்லாவிட்டால் புரியைக் குறுக்கே தாண்டித் தாண்டிப் போகும். இதோடு பின்பக்கத்தில் செருகும் வழிகாட்டிக் குழாய் ஒன்றும் வேண்டும், கம்பி வளைந்து தொண்டையை உரசாமல் இருக்க. பிளாஸ்டிக்கிலும் பொடி பதியும் என்பதால் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் கம்பியைத் துடைக்க வேண்டும்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாரிடமும் இல்லை? 26 அங்குலக் குழலுக்கு 36 அங்குலக் கம்பி தேவை, கைப்பிடி தனி. எந்தப் பயணப்பெட்டிக்குள்ளும் அடங்காது. கனடாவில் இருந்து வரும் மச்சானிடம் கேட்டால் கயிறும் பொருத்துக் கம்பியும்தான் வரும். என்னுடையது ஒரு வருடம் கழித்து, பிவிசி குழாய்க்குள் போட்டு, மீன்பிடித் தூண்டில் என்ற பேச்சோடு வந்து சேர்ந்தது. இன்றும் அந்தக் குழாயில்தான் சுவரோரம் நிற்கிறது. மூலையில் சாத்தி வைத்தால் கம்பி வளையும், வளைந்த கம்பி கயிற்றைவிட மோசம்.

பிரஷ் பற்றிச் சண்டை அதிகம். வெண்கல பிரஷ் உருக்கைவிட மெத்து, தனியே அது குழலைத் தேய்த்துவிடாது. ஆனால் .22 ரவையின் விளிம்பில் இருக்கும் தீமருந்தில் பெரும்பாலும் கண்ணாடித்தூள் கலந்திருக்கும், உரசிப் பற்றுவதற்காக. அந்தத் தூள் தொண்டையில், ஆறு மணிப் பக்கம், கரியோடு சேர்ந்து படிகிறது. தொலைபேசியில் மாட்டும் சின்னக் கமெராவை உள்ளே விட்டுப் பார்த்தால் ரவை அறை முடியும் இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். சட்டி அடிப்பிடித்த மாதிரி. பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் அந்தக் கண்ணாடியைக் குழல் முழுக்கத் தேய்க்கிறோம். ஆகவே ஒரே திசை: பின்னால் இருந்து முன்னால் தள்ளு, வாயில் பிரஷ்ஷைக் கழற்று, வெறுங்கம்பியை மெல்ல இழு. வளையத்துக்கு மட்டும் வெண்கலம், மற்ற இடத்துக்கு நைலோனோ துண்டுச் சீலையோ போதும்.

கரைசலில் பலர் காசை வீணாக்குகிறார்கள். அமோனியா கலந்த ஸ்வீட்ஸ் 7.62 என்ற கரைசல் செம்பைக் கரைப்பதற்கு. செம்பு உறை போட்ட பெரிய சன்னம் சுடுபவருக்கு அது உயிர், அதுவும் 15 நிமிடத்துக்கு மேல் குழலில் விடக்கூடாது. ஈயச் சன்னம் சுடும் .22க்கு அது எதற்கு? சீலை நீலமாக வருகிறது, செம்பு இருக்கிறது என்று ஒரு தம்பி காட்டினான். சீலையைக் குத்தும் அவனுடைய பித்தளைக் கம்பி நுனியும் வெண்கல பிரஷ்ஷும்தான் கரைந்துகொண்டிருந்தன. ஹொப்பீஸ் நம்பர் 9 போன்ற சாதாரணக் கரைசல் .22க்குப் போதும். வைப்-அவுட் நுரை பெரிய குழலுக்கு நல்லது, பிரஷ் வேலையே குறையும். அராவும் பசைகளை, ஜே.பி. போன்றதை, வருடத்துக்கு ஒருமுறை வளையத்துக்கு மட்டும் தொடலாம். மாதாமாதம் போடுபவர் புதுக் குழலுக்கு உண்டியல் வைப்பது நல்லது.

மிச்சம் இருப்பது எப்போது துடைப்பது என்பது. பழைய மாஸ்டர்மார் சுட்ட அன்றே துடை, அடுத்த மூன்று நாளும் துடை என்பார்கள். அவர்கள் காலத்து .303 ரவையின் தீமருந்து குழலில் உப்பை விட்டுப் போகும். உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் கொதிநீரே ஊற்றினார்கள். இன்றைய ரவையில் அந்த உப்பு இல்லை, பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மறுபக்கம், வெளிநாட்டு .22காரர்கள் குறூப் விரியும்வரை கையே வைக்காதே என்கிறார்கள். ரவையின் மெழுகு குழலில் ஒரு படையாகப் பிடித்தால்தான் துவக்கு ஒரே மாதிரிச் சுடும், துடைத்தால் ஐந்து பத்து ரவை கழித்துத்தான் பழைய நிலைக்கு வரும் என்பது அவர்கள் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அவர்களுடைய காற்று வேறு.

"சேர், நான் நெட்ல பார்த்து ஆறு மாதமா ஒண்டும் செய்யேல்ல" என்றான் அதே தம்பி. அவன் வீடு தெஹிவளையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே. துவக்கை ஏசி அறையில், பஞ்சு வைத்த பெட்டிக்குள் மூடி வைத்திருந்தான். ஏசியில் குளிர்ந்த உருக்கை வெளியே எடுத்தால் ஐஸ் சோடாப் போத்தல் மாதிரி வேர்க்கும். அந்த வேர்வையோடு திரும்பவும் பஞ்சுக்குள் மூடுவது கறளுக்குப் பாய் விரிப்பது. குழல் துருப்பிடிக்காத உருக்கு என்று நம்பியிருந்தான். அந்த உருக்கும் உப்புக்காற்றில் மெதுவாகக் கறள் பிடிக்கும். வாயில் இருந்து இரண்டு அங்குலம் உள்ளே ஊசிமுனைக் குழிகள். அவற்றை எந்தக் கரைசலும் திருப்பித் தராது.

ஆகவே இரண்டு கட்சியிலும் நான் சேரவில்லை. சுட்ட ஒவ்வொரு நாளும் துவக்கு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, எண்ணெய் தொட்ட ஒரே ஒரு சீலை, பின்னால் இருந்து முன்னால். பிரஷ் இல்லை, கரைசல் இல்லை. எண்ணெய் தையல் மெசின் எண்ணெய் மாதிரி மெல்லியதாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெயைப் போட்டுவிட்டுப் பிசின் பிடித்தது என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கரைசலும் வளைய வேலையும் ஏறக்குறைய 400 ரவைக்கு ஒருமுறை. அப்போது வாய் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், கரைசல் விசைக்குள் வடியாமல். ரவைகள் அடுத்த அறையில், போல்ட் மேசைமேல், ரவை அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் எதுவும். பஞ்சுப் பெட்டி பயணத்துக்கு மட்டும்.

காற்றழுத்தத் துவக்குக்கு இந்தக் கதை எதுவும் தேவையில்லை. கரி கிடையாது, கம்பளிக் குண்டு இரண்டு மூன்று போதும். சுருள்வில் துவக்கில் மட்டும் எண்ணெயைக் குழலில் விடாதீர்கள், அழுத்தத்தில் பற்றிக்கொள்ளும்.

போட்டி நாளில் சுடுவதற்கு முன் காய்ந்த சீலை ஒன்றை விட்டு எண்ணெயை எடுக்க மறந்து, முதல் ஐந்து சன்னத்தையும் எட்டிலும் ஏழிலும் வைத்தவன் நான். அன்றிலிருந்து என் போல்ட் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. எண்ணெய் உள்ளே இருந்தால் நூல் இருக்கும், சீலை விட்ட பிறகுதான் அவிழ்ப்பேன்.