பேனல் போர்டில் ஆம்பியரை மட்டும் பார்த்து ஏமாந்தேன்

பேனல் போர்டுக்கு (மெயின் கரண்டை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் மெஷின்கள் கூடியதால் எச்.டி. (ஹை டென்ஷன், உயர் அழுத்த) சர்வீஸுக்கு மாறி, சொந்தமாக 500 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தோம். பேனலை உள்ளூர் கடை ஒன்றில் செய்யக் கொடுத்தேன். கொட்டேஷனில் ஒவ்வொரு ஃபீடருக்கும், அதாவது பேனலிலிருந்து பிரிந்து போகும் லைனுக்கும், "எம்சிசிபி, 100 ஆம்பியர், 25 கே.ஏ." என்று இருந்தது. எம்சிசிபி என்றால் ஷார்ட் ஆனால் கரண்டை வெட்டிவிடும் பெரிய பிரேக்கர்; கே.ஏ. என்றால் கிலோ ஆம்பியர், ஆயிரம் ஆம்பியர். நான் பார்த்தது அந்த 100 ஆம்பியரை மட்டும்தான். கே.ஏ. எதற்கென்று அப்போது கேட்கவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சம், வேறென்ன.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலி புகுந்து ஒரு ஃபீடரின் டெர்மினலில் ஷார்ட். வெடி போட்டதுபோல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எம்சிசிபியின் உடம்பே பிளந்து கிடக்கிறது, சுற்றிலும் கரி. பக்கத்து ஃபீடர் இரண்டும் சேர்ந்து போயின. எதிரே ஆள் நிற்காதது எங்கள் நல்ல நேரம்.

கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எலி வந்தா நான் என்ன சார் பண்றது, ஆம்பியர் சரியாத்தானே போட்டிருக்கேன்?" என்றார். கேபிள் வரும் ஓட்டையை அடைக்காமல் விட்டதும் அவர்தான். அது தனிக்கதை.

பக்கத்து மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர் வந்து, லேபிளில் டார்ச் அடித்துக் காட்டினார். பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. 240 வோல்ட்டில் 25 கே.ஏ., 415 வோல்ட்டில் 10 கே.ஏ. எங்களுடையது மூன்று பேஸ், 415 வோல்ட். அப்படியானால் 25-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 10-ஐ மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், கடைக்காரர் "25-னு அதுலயே போட்டிருக்கே சார்" என்று விரலை வைத்துக் காட்டுகிறார்!

அப்புறம் அண்ணன் அட்டைப்பெட்டியின் மேலேயே கணக்குப் போட்டார். எங்கள் ட்ரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரண்ட் 667 ஆம்பியர். அதன் நேம்பிளேட்டில் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது கொடுக்கும் தடை, 4.5 சதவீதம். 667-ஐ 0.045-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14,800 ஆம்பியர். பேனல் பத்து மீட்டருக்குள் இருப்பதால் ஷார்ட் ஆனால் அதில் பெரும்பகுதி வந்து இறங்கும். 100 ஆம்பியர் என்பது தினமும் சுமக்கும் சுமை. கே.ஏ. என்பது ஷார்ட்டின்போது பிரேக்கர் வெடிக்காமல் கரண்டை வெட்டிவிடும் திறன். 10,000 வரைக்கும் வெட்டக்கூடியதிடம் 14,000-ஐக் கொடுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்?

லேபிளில் ஐசியூ, ஐசிஎஸ் என்று இரண்டு இருக்கும். ஐசியூ என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதல்லவா, அர்த்தமும் கிட்டத்தட்ட அதுதான். பிரேக்கர் வெட்டக்கூடிய உச்ச அளவு அது; அந்த அளவு ஷார்ட்டை வெட்டியபின் பிரேக்கர் மறுபடி வேலைக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை. வெட்டிவிட்டுத் திரும்பவும் வேலை செய்யும் அளவுதான் ஐசிஎஸ். சில மாடல்களில் இது ஐசியூவில் பாதிதான் இருக்கும்.

அன்றே மற்றதையும் அலசினோம். 7.5 எச்பி கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (சின்ன பிரேக்கர்) விழுகிறது என்று முன்பே புகார் சொல்லியிருந்தேன். சி கர்வ் என்றால் தன் ஆம்பியரைப் போல் 5 முதல் 10 மடங்கு கரண்டிலேயே உடனே விழுந்துவிடும். 10 முதல் 20 மடங்கு வரை போகும் டி கர்வ் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கடை ஆள் செய்த வைத்தியம், 40 ஆம்பியர் எம்சிபி. அதிலிருந்து போவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். வயர் உருகினாலும் அது விழாது.

பணம் திரும்ப வரவில்லை. ஃபீடர்கள் எல்லாவற்றையும் வேறு கடையில் மாற்றினேன். இந்த முறை ஆர்டரில் "415 வோல்ட்டில் ஐசிஎஸ் 25 கே.ஏ." என்று எழுதி, மாட்டும் முன் ஒவ்வொரு லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். புதுக் கடைக்காரர் ஆர்டரைப் படித்ததும் போன் செய்தார். "இதை யார் சார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது?"