அரசமைப்புப் புத்தகம் வாங்குகிறீர்களா? அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

நூலக மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் அரசமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன வருடம் அவர்களுக்காகத் தமிழ்க் கையடக்கப் பதிப்பு பன்னிரண்டு வாங்கினேன், ஒன்று 140 ரூபாய். இரண்டு மாதம் கழித்து, தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும் பெரிய பதிப்பு ஒன்றை 780 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பதிப்பகங்களின் பெயரைச் சொல்லவில்லை. கடையில் நின்று புரட்டிய வேறு இரண்டு சின்னப் பதிப்புகளிலும் இதே குறைதான் இருந்தது.

ஏன் இரண்டாவது புத்தகம் வாங்க நேர்ந்தது என்பதைச் சொன்னாலே போதும்.

19ஆம் உறுப்பு (ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள்) நடத்திக்கொண்டிருந்தேன். பேச்சு, கூட்டம், சங்கம் என்று சுதந்திரங்கள் அ, ஆ, இ, ஈ, உ என வரிசையாக வரும். கையடக்கப் பதிப்பில் 'உ'வுக்கு அடுத்து நேராக 'எ'. முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், 'ஊ' விட்டுப்போச்சு. அச்சுப்பிழையா?"

பிழை இல்லை. அந்த இடத்தில் சொத்து வாங்க, வைத்திருக்க, விற்க உள்ள உரிமை இருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1979 ஜூன் 20 முதல் அது இல்லை. 31ஆம் உறுப்பும் கூடவே போனது. சொத்துரிமை 300அ என்ற எண்ணோடு அடிப்படை உரிமைகளுக்கு வெளியே போய் உட்கார்ந்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பு இன்றும் உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி 32ஆம் உறுப்பின்கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடியாது. உயர் நீதிமன்றக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஓர் எழுத்து காணாமல் போனதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பெரிய பதிப்பில் அதே இடத்தில் ஒரு சின்ன எண், கீழே ஒரு வரிக் குறிப்பு. கையடக்கப் பதிப்பில் ஒன்றுமே இல்லை. பக்கத்தைக் குறைக்க அடிக்குறிப்புகள் எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறார்கள்.

இதையாவது வாயால் சொல்லிச் சமாளித்துவிடலாம். 368ஆம் உறுப்பில் செய்திருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திருத்தம் செய்யும் முறையைச் சொல்லும் உறுப்பு அது. அதன் 4ஆவது கூறு, அடிப்படை உரிமைகளைத் தொடும் திருத்தம் உட்பட எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்க முடியாது என்கிறது. 5ஆவது கூறு, நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது என்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் நுழைத்தவை இவை. மினர்வா மில்ஸ் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் நாடாளுமன்றம் அவற்றை முறையாக நீக்கவில்லை. அதனால் இன்றும் அச்சில் வருகின்றன. செல்லாது என்று சொல்வது கீழே உள்ள குறிப்பு மட்டும்தான். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டால்?

மாதத் தேர்வில் ஒரு பையன், "திருத்தங்களை நீதிமன்றம் விசாரிக்க முடியாது" என்று எழுதியிருந்தான். தப்பு என்று கோடு போட்டேன். புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தான். அவன் படித்ததைத்தான் எழுதியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 1973 ஏப்ரல் 24ஆம் தேதி, கேசவானந்த பாரதி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்று மயிரிழையில் காப்பாற்றிய கொள்கை அது: அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் உடைக்க முடியாது. 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற சொல்லை அரசமைப்பில் முதலிலிருந்து கடைசி வரை தேடினாலும் கிடைக்காது. தீர்ப்பில்தான் இருக்கிறது. 368ஆம் உறுப்பின் அடிக்குறிப்பும் இல்லையென்றால், இதைப் பற்றி அந்தப் பையனுக்கு யார் சொல்வது?

பெரிய பதிப்பில் எனக்குப் பிடித்த பக்கம், பேச்சுரிமைக்கு என்ன கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் 19(2). சதுர அடைப்புக்குறிகளும் மேலெண்களுமாக, தையல் போட்ட துணி மாதிரி இருக்கும். முதலாவது திருத்தம், 1951. அதற்குக் காரணமான வழக்குகளில் இரண்டு நம் சென்னை மாகாணத்திலிருந்து போனவை. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு, செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணை விழுந்தது. முதல் தீர்ப்பைச் சமாளிக்க, பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது; இரண்டாவதைச் சமாளிக்க, இட ஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 15(4) பிறந்தது. ஒரே திருத்தம், ஒரு கையால் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது, இன்னொரு கையால் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாசலைத் திறந்தது. கட்டுப்பாடு 'நியாயமான'தாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் 19(2)க்குள் அப்போதுதான் வந்தது. நீதிமன்றங்கள் இன்றுவரை அளந்து பார்ப்பது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். திருத்தம் என்றாலே உரிமையைப் பறிப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவேன்.

359ஆம் உறுப்பிலும் அப்படி ஒரு குறிப்பு உண்டு. நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைக்கலாம், '20, 21 ஆகிய உறுப்புகள் நீங்கலாக'. இந்த 'நீங்கலாக' வந்தது 44ஆவது திருத்தத்தில். என் பெரியப்பா தொழிற்சங்கக்காரர். விசாரணை இல்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் பதினோரு மாதம் உள்ளே இருந்தார். ஆட்கொணர்வு மனு போடலாமா என்று பெரியம்மா வக்கீல் வீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோதுதான், 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் அந்த மனுவே எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து பேரில் நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். அந்த 'நீங்கலாக' என்ற சொல்லின் மேல் விரலை வைக்கும்போதெல்லாம் பெரியம்மா ஞாபகம் வரும்.

மற்றவை. கையடக்கப் பதிப்பில் ஒன்பதாவது அட்டவணையை ஒரே பத்தியாகச் சுருக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 257அ என்ற எண்ணோடு அங்கே ஏறியதைக் காட்ட முடியவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது, பைக்குள் அடங்குகிறது. ஒட்டு மட்டும் மூன்றாம் மாதம் விட்டுவிட்டது.

பெரிய பதிப்பும் குறையில்லாதது அல்ல. தமிழ்ப் பக்கத்தின் அடிக்குறிப்புகளைக்கூட ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதுவும் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். தமிழில் படிக்கிறவருக்கு வரலாறு வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? தேர்வில் 'பிரிவு', செய்தித்தாளில் 'சரத்து', புத்தகத்தில் 'உறுப்பு' என்று ஒன்றுக்கே மூன்று பெயர். ஒரு சொற்பட்டியல் சேர்த்திருக்கலாம். 106ஆவது திருத்தம் வரை சேர்த்திருப்பது நல்ல விஷயம். 21ஆம் உறுப்பில் ஒரு சொல்கூட மாறாமலே, 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையும் அதற்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். திருத்தம் இல்லை, அதனால் அடிக்குறிப்பும் இல்லை. அதை நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.

780 ரூபாய் எல்லோராலும் முடியாது, தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய பதிப்பு வாங்குங்கள். கையடக்கப் பதிப்புதான் முடியும் என்றால், வாங்குமுன் 368ஆம் உறுப்பைத் திருப்பி, 4, 5 கூறுகளுக்குக் கீழே மினர்வா மில்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் உள்ள பன்னிரண்டு பிரதிகளிலும் போன ஞாயிறு பிள்ளைகளே உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தார்கள். 'ஊ'வைக் கேட்ட பெண், தன் பிரதியில் அந்த எழுத்தையும் எழுதி, எதிரே '20-6-1979' என்று போட்டுக்கொண்டாள்.