வீட்டுக் கணினியில் எந்த வீடியோ பிளேயரை நம்பலாம்?

வீடியோ பிளேயர்களைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகளைக் கூர்ந்து பார்த்தால் அவை பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. படம் ஓடும், ஒலி வராது. ஒலி வரும், திரை கறுப்பாகவே இருக்கும். இரண்டும் வரும், ஆனால் திக்கித் திக்கி நகரும். அல்லது நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று ஓட மறுக்கும். இவற்றில் கடைசியாகச் சொன்னதே எல்லாரையும் அதிகமாகக் கோபப்படுத்துகிறது. தாம் எதையும் தொடாதபோது எது மாறியது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு வழியே இல்லை. ஆகவே, பிளேயர்களை ஒப்பிடும்போது எதில் எத்தனை வசதிகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, ஒரு கோப்பை ஓட்டிக்காட்ட அந்த மென்பொருள் யாரையெல்லாம் நம்பியிருக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

விண்டோஸுடன் வரும் பிளேயரிலிருந்து தொடங்கலாம். சுருக்கிப் பதியப்பட்ட படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் சிறு நிரல்களான கோடெக்குகளை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இயங்குதளத்தில் என்ன இருக்கிறதோ அதையே பயன்படுத்துகிறது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இன் பெரும்பாலான பதிப்புகளில், எச்.264 என்ற பரவலான சுருக்க வடிவில் உள்ள வீடியோவுக்கும் டிவிடிக்கும் தேவையானவை உள்ளேயே இருந்தன. விண்டோஸ் 8இல் டிவிடி ஓட்டும் வசதி எடுக்கப்பட்டது. விண்டோஸ் 10இல் அதற்கென்று தனியாக ஒரு கட்டண மென்பொருள் வந்தது. ஐபோன்கள் 2017 முதல் எச்இவிசி என்ற புதிய சுருக்க வடிவில் வீடியோ பதிவு செய்யத் தொடங்கிய பிறகு, அந்தக் கோப்பைக் கணினியில் திறந்தவர்களில் பலரை மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குச் சென்று ஒரு சிறு தொகை கட்டும்படி அந்தப் பிளேயர் கேட்டது. தொகை சிறியதுதான். ஆனால் தன் குழந்தையின் பிறந்தநாளைத் தானே எடுத்த வீடியோவைப் பார்க்கப் பணம் கட்டச் சொன்னால் யாருக்கும் மனம் கசக்கவே செய்யும். இதோடு, எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான பிழைக் குறியீட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. குறைபாடு கோப்பிலா, கோடெக்கிலா, கணினியிலா என்பது சாதாரணப் பயனருக்கு அதிலிருந்து விளங்காது. கணினியின் கிராபிக்ஸ் சில்லை நன்றாகப் பயன்படுத்துவதால் மடிக்கணினியின் பேட்டரியை அது குறைவாகச் செலவழிக்கிறது என்பதை அதன் நிறையாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு காலத்தில் எல்லாரும் கோடெக் தொகுப்புகளைத் தேடி நிறுவினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று முந்திக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துவிடும். இன்று அந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விஎல்சி என்ற பிளேயர் விண்டோஸின் பிளேயருக்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. தேவையான கோடெக்குகள் அனைத்தையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. பாரிஸின் எக்கோல் சென்ட்ரல் கல்லூரியில் 1996இல் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001இல், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் இடமளிக்கும் திறமூல உரிமத்தின் கீழ் வெளியான இந்த மென்பொருள், வளாக வலையமைப்பின் வழியே வரும் வீடியோவைப் பெற்றுக் காட்டுவதற்காகவே முதலில் எழுதப்பட்டது. வழியில் சில துண்டுகள் தொலைந்தாலும் ஓட்டம் நிற்கக் கூடாது என்ற கட்டாயம் அப்போதே இருந்ததால்தான், பாதி பதிவிறங்கிய கோப்பையும் சிதைந்த கோப்பையும் மற்றவை கைவிடும் இடத்தில் அது ஓட்டிக்காட்டுகிறது. வெளியிலிருந்து எதையும் நிறுவத் தேவையில்லாததால், விண்டோஸின் கோடெக் மாற்றங்கள் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஆனாலும் விஎல்சி மீது வரும் புகார்கள் பொய்யல்ல. ஓடும் படத்தை முன்னோ பின்னோ நகர்த்தினால் சில நொடிகளுக்குச் சாம்பல் நிறக் கட்டங்கள் படர்வதையும், ஒளியும் நிறமும் அதிக வீச்சோடு பதியப்பட்ட எச்டிஆர் வீடியோக்கள் சாதாரணத் திரையில் வெளிறித் தெரிவதையும், 4கே கோப்புகள் சில கணினிகளில் இடறுவதையும் பலர் சொல்கிறார்கள். 2018இல் வந்த 3.0 பதிப்பு முதல் கிராபிக்ஸ் சில்லின் உதவியோடு வீடியோவை விரிக்கும் வசதி இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் சரியில்லாத கணினியில் பச்சைத் திரைக்கும் திக்கலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ப்ரிஃபரன்சஸ் பகுதியில் இன்புட் மற்றும் கோடெக்ஸ் என்ற பக்கத்தில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, விஎல்சியை மூடித் திறந்து பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும். நிறுத்தியதும் பச்சைத் திரை போய், படம் மட்டும் மெதுவாக நகர்ந்தால், அந்தக் கணினியின் மையச் செயலி (சிபியு) தனியாக அந்த வீடியோவைச் சுமக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். இன்டெல் சில்லுகளில், நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்இவிசியை முழுமையாக விரிக்கும் சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய இன்டெல் சில்லை மட்டும் நம்பியிருக்கும் கணினியில் அத்தகைய வீடியோவுக்கு எந்தப் பிளேயரை மாற்றினாலும் பெரிய பலன் கிடைக்காது. தமிழ் சப்டைட்டில் கட்டங்களாகத் தெரிந்தால், சப்டைட்டில் பக்கத்தில் எழுத்துருவை நிர்மலா என்றும் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்றும் மாற்றிப் பார்க்கலாம்.

விண்டோஸில் பழைய, வலுக்குறைந்த கணினி வைத்திருப்பவருக்கு எம்பிசி-எச்சி என்ற பிளேயர் பொருத்தமானது. சிறியது, விரைவாகத் திறக்கும், கோடெக்குகளும் உள்ளேயே இருக்கின்றன. படத்தை நகர்த்தும்போது விஎல்சியைவிடத் தூய்மையாக நகர்கிறது. 2017 ஜூலையில் 1.7.13 பதிப்போடு அதன் குழு வேலையை நிறுத்தியபோது பலர் அதை முடிந்துபோன மென்பொருள் என்று கருதினார்கள். ஆனால் நிரல் திறந்ததாக இருந்ததால் வேறு கைகள் அதை எடுத்துக்கொண்டன; புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. இதற்கு முந்தைய ஆண்டில்தான் ஆப்பிள் விண்டோஸுக்கான தன் குயிக்டைம் பிளேயரைக் கைவிட்டது. திருத்தப்படாத பாதுகாப்புக் குறைகள் இருந்ததால் அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. மூடிய மென்பொருளைக் கைவிட்டால் அதை எடுத்து வளர்க்க வெளியிலிருந்து யாராலும் முடியாது.

எம்பிவி என்ற இன்னொரு பிளேயர் படத்தின் தரத்தில் இவை எல்லாவற்றையும்விட மேலானது என்பது என் முடிவு. எச்டிஆர் நிறங்களைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றுவதிலும், படத்தை ஒரே ஒரு சட்டகம் (ஃபிரேம்) பின்னால் நகர்த்துவதிலும் அதன் துல்லியம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பட்டி (மெனு), அமைப்புப் பலகை போன்றவை ஏறக்குறைய இல்லை. விசைப்பலகையையும் ஓர் உரைக் கோப்பையும் கொண்டே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைக் கொடுப்பது நியாயமாகாது.

பிளேயர் மீது பழி போடும் முன் கோப்பையும் சோதிக்க வேண்டும். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அந்த அட்டவணை இல்லாமலே கோப்பு நின்றுவிடும். அத்தகைய கோப்பை எந்தப் பிளேயரும் ஓட்டாது. அதற்கு மீட்பு மென்பொருள்தான் வேண்டும். எம்கேவி கோப்பு அதே நிலையிலும் பெரும்பகுதி ஓடும்.

பணம் கொடுத்து வாங்கும் பிளேயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வாடிக்கையாளர் மிக மோசமாகக் கைவிடப்படுவது இங்கேதான். ப்ளூ-ரே தட்டுகள் ஏஏசிஎஸ் என்ற பூட்டோடு வருகின்றன. அதைத் திறக்கும் சாவி உரிமம் பெற்ற மென்பொருளிடம் இருக்கும். 2007இல் வின்டிவிடி என்ற கட்டணப் பிளேயரின் சாவி வெளியே கசிந்தபோது அந்தச் சாவி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் புதுப்பிப்பை நிறுவும் வரை புதிய தட்டுகளைப் பார்க்க முடியாத நிலை வந்தது. 4கே யுஎச்டி தட்டுகளுக்கு நிபந்தனை இன்னும் கடுமையானது. பவர்டிவிடி என்ற கட்டணப் பிளேயர் அவற்றை ஓட்ட இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி இருந்தாக வேண்டியிருந்தது. ஏஎம்டி செயலிகளில் அது இல்லவே இல்லை. 11ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளிலிருந்து இன்டெல் அதை விலக்கிக்கொண்டது. விலை கூடிய புதிய செயலியை வாங்கியவர்கள், பழையதில் ஓடிய தட்டு புதியதில் ஓடாததைக் கண்டார்கள். ஏழாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையிலான செயலிகளையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுமாறு பவர்டிவிடியின் நிறுவனம் ஆலோசனை சொன்னது. தட்டு, டிரைவ், மென்பொருள், திரை என எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தவருக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்க பதிலல்ல. மென்பொருள் நிறுவனம், சில்லு நிறுவனம், பூட்டை நிர்வகிக்கும் அமைப்பு ஆகிய மூவரில் ஒருவர் மனம் மாறினாலும் அவர் வாங்கியது பயனற்றுப் போகிறது.

எனவே சாதாரண டிவிடிக்கும் கோப்புகளுக்கும் விஎல்சியை முதலாவதாகவும், அது இடறும் கணினியில் எம்பிசி-எச்சியை இரண்டாவதாகவும் நிறுவிக்கொள்ளச் சொல்வேன். இரண்டும் இலவசம் என்பதால் ஒரே கோப்பை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துப் பிழை எங்கே என்று பிரித்தறியவும் முடியும். விஎல்சியின் பெயரில் போலிப் பதிப்புகள் உலவுவதால் அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே அதை இறக்க வேண்டும். யுஎச்டி தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கணினிக்கான டிரைவுக்கும் கட்டண மென்பொருளுக்கும் செலவழிக்க நினைக்கும் தொகையைத் தொலைக்காட்சியோடு நேரடியாக இணைக்கும் தனி ப்ளூ-ரே பிளேயருக்கு ஒதுக்கிவிடலாம். அதற்கு எஸ்ஜிஎக்ஸ் தேவையில்லை.