வெட்டி வளைத்து வரும் கம்பி: திருப்பாலை வீட்டு வேலையில் கண்டது

திருப்பாலையில் நாங்கள் கட்டிவரும் 1,200 சதுர அடி வீட்டுக்கான கம்பிகளை, வரைபடத்தின்படி வெட்டி வளைத்துக் கட்டுக்கட்டாக இறக்கித் தரும் கப்பலூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தோம். முன்பு தம்பியின் வீட்டு வேலையில் மனையிலேயே கம்பி வெட்டி, மிஞ்சிய துண்டுகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியபோது, வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதிதான் கைக்கு வந்தது. அந்த வருத்தமே இம்முடிவுக்குக் காரணம்.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தூணுக்கு 4.4 மீட்டர் வேண்டுமென்றால், ஒரு கம்பியில் இரண்டு துண்டுகள் போக 3.2 மீட்டர் மிஞ்சும், 12 மி.மீ. கம்பியில் அது ஏறத்தாழ 2.8 கிலோ. அன்றைய வேலைக்கு அன்றன்று வெட்டும் மனையில் அம்மிச்சம் மண்ணில் கிடந்து துருவேறும். பட்டறையிலோ வீடு முழுவதற்குமான வளைவுப் பட்டியலை (எந்தக் கம்பி எத்தனை, என்ன நீளம், எப்படி வளைப்பது என்ற கணக்கை) முதலிலேயே எழுதிவிடுவதால், அதே மிச்சத்தில் ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் எனும் கான்கிரீட் சட்டத்துக்கான 1.5 மீட்டர் துண்டுகள் இரண்டு எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது ஒரு சாண் அளவுதான். இறக்கிய எடைக்கு மட்டுமே பணம் என்பதால், கழிவைக் குறைக்கும் அக்கறை அவர்களுக்கும் இருக்கிறது. கிலோவுக்குத் தனியாக வெட்டுக்கூலி உண்டு. அது எனக்கு நியாயமாகவே படுகிறது. கூரைத்தளம் வரை வேலை முடிந்த பின்னும் எங்கள் மனையில் துண்டுக் கம்பி இரண்டு சாக்கு நிறையவில்லை.

குறையும் உண்டு. 9க்கு 12 அங்குலத் தூணின் ரிங்கில், அதாவது தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தில், 220 மி.மீ. இருக்கவேண்டிய பக்கம், ஒரு கட்டு முழுவதிலும் 240 ஆக வந்தது. கம்பி கட்டும் மேஸ்திரி டேப் வைத்துப் பார்த்திராவிட்டால், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனமான 40 மி.மீ. கவர் 30 ஆகக் குறைந்து, நாளடைவில் கம்பி துருப்பிடிக்க வழியாகியிருக்கும். மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும் நான்கு நாள் வேலை நின்றது. கட்டுகளில் தொங்கிய அட்டைச் சீட்டுகளும் ஒரே மழையில் கரைந்துவிட, எது பீமுக்கு, எது தூணுக்கு என்று பிரிப்பதிலேயே ஒரு காலை கழிந்தது. தகரச் சீட்டு கட்டுவது அவர்களுக்குப் பெரிய செலவாகாது.

வரைபடம் முடிவாகாதவர்கள் இவர்களிடம் போக வேண்டாம். படியின் உயரத்தை நாங்கள் பின்னர் மாற்றியதால், வளைத்து வந்த படிக்கட்டுக் கம்பிகளில் பாதி பயன்படவில்லை. மாடி எடுக்கும்போதும் இவர்களிடமே கொடுப்போம். படிக்கட்டுக்கு மட்டும், பலகை அடித்தபின் நேரில் அளந்து, மனையிலேயே வெட்டிக்கொள்வதாக இருக்கிறோம்.