கேட்டையும் அகழியும்: எடுத்த படத்தை எங்கே காட்டிக் கருத்துக் கேட்பது?

மே மாத அமாவாசை ஒட்டிய ஓர் இரவில், ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் வழியில் ட்ரைபாடை நிறுத்தி, தேள் வடிவ நட்சத்திரக் கூட்டமான விருச்சிகத்தை எடுத்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான்: 18 மி.மீ., 30 விநாடி எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200. ஜவ்வாது மலைக்கு மேலே அதன் கேட்டை நட்சத்திரம் செம்மஞ்சளாக நின்றது. அதே வாரம் ஒரு மாலையில் வேலூர்க் கோட்டை அகழியையும் மதிலையும் எடுத்தேன். இந்தப் படங்களை ஐந்து இடங்களில் காட்டினேன்.

முதலில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழு. "செமணா", "எந்த இடம்ணா?", கூடவே நாலைந்து கைத்தட்டல். அந்த அன்பு எனக்கு வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பார்த்தது நான் எடுத்த படத்தையே அல்ல. வழக்கமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கி இறுக்கிவிடும். ஜேபெக் முறையில் படம் 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிந்து, அவற்றில் இருக்கும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் முதலில் கழிக்கப்படும். மங்கலான நட்சத்திரம் என்பதே அப்படி ஒரு நுண்ணிய ஏற்றம்தான். கல்யாண வீட்டுப் படத்தில் இந்த இழப்பு கண்ணில் படாது. இரவு வானத்திலோ பாதி நட்சத்திரங்கள் காணாமல் போகும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிற பொறுமை பதினைந்து பேரில் இரண்டு பேருக்கு இருந்தால் அதிகம்.

ஆனால் அகழிப் படத்துக்கு இந்தக் குழுவை மிஞ்ச ஆளில்லை. "சாயங்காலம் ஏன்ணா போனீங்க, சூரியன் மதிலுக்குப் பின்னாடி போயிடுமே. காலையில ஆறரைக்கு வந்து கிழக்குப் பக்கம் நில்லுங்க, கல்லு பொன்னா தெரியும்" என்று தம்பி ஒருவன் எழுதினான். தினமும் அந்த வழியாக நடக்கிறவனுக்குத்தான் இது தெரியும். மறுநாளே போனேன், அவன் சொன்னது சரி.

இன்ஸ்டாகிராமைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே விருப்பம் கிடைக்கும், விமர்சனம் அரிது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 6000 பிக்சல் அகலமுள்ள படம் அங்கே சுமார் 1080-க்குச் சுருங்குகிறது. நட்சத்திரங்கள் மட்டுமல்ல, நம் பிழைகளும் சேர்ந்தே மறைந்துபோகின்றன. அது எப்படி என்று எனக்குப் புரிந்தது அடுத்த இடத்தில்.

ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் முழு அளவுப் படத்தை ஏற்றினேன். லென்ஸ், விநாடி, ஐஎஸ்ஓ எல்லாம் படத்தின் கீழே தானாகவே வந்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, "உங்கள் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, சிறு கோடாக இருக்கின்றன, 30 விநாடி அதிகம்" என்று எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வானம் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாத விநாடி கிடைக்கும் என்பது 500 விதி. என் கேமராவின் சென்சார் சிறியது (1.5 மடங்கு கிராப்), அதனால் 18 மி.மீ. அங்கே 27-க்குச் சமம். 500-ஐ 27-ஆல் வகுத்தால் 18 விநாடிக்குச் சற்று மேல், அதுதான் எல்லை. என் படத்தில் கேட்டை ஏறக்குறைய ஒன்பது பிக்சல் இழுபட்டிருந்தது. 1080-க்குச் சுருக்கினால் அது இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூடச் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஆஸ்ட்ரோபின் வானப் படங்களுக்கென்றே இருக்கும் தளம். எனக்கு மிகவும் பிடித்தது அங்கே நடக்கும் அடையாளம் காணும் வேலை: நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து, படம் வானத்தின் எந்தப் பகுதி என்று கண்டுபிடித்து உள்ளே இருப்பவற்றுக்குப் பெயர் போட்டுவிடும். மலையும் மரமும் தெரியும் அகலமான படங்களில் இது சில சமயம் தடுமாறும் என்பதால் வானத்தை மட்டும் வெட்டி ஏற்றினேன். தேளின் கொடுக்குக்கு அருகே லென்ஸ் தூசு என்று நான் நினைத்திருந்த வெண்மங்கல், எம்7 விண்மீன் கொத்து! அன்று இரவு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யுரேனஸின் வளையங்கள் 1977-இல் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் பதிவானவை. அந்த மலை அடிவாரத்தில் நின்று நானும் ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கிறேன். ஆனால் பயணப் படத்துக்கு அங்கே வேலையில்லை.

ஐந்தாவது, காகிதம். 8×12 பிரிண்ட் போட்டு, முப்பது வருடம் கல்யாண ஆல்பம் செய்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "மலை எங்க முடியுது, வானம் எங்க தொடங்குதுன்னே தெரியலையே தம்பி" என்றார். என் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தே திருத்தியிருக்கிறேன். காகிதம் தானாக ஒளிர்வதில்லையே. வலது ஓரத்தில் திருப்பத்தூர் பக்கத்து மஞ்சள் வெளிச்சம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. தரைக்குத் தனியாக ஒரு நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கச் சொன்னார்.

ஆக, வானத்துக்கு முதலில் ஃப்ளிக்கர், அப்புறம் ஆஸ்ட்ரோபின். ஊருக்கு நம்மூர்க் குழு. அச்சிட நினைக்கும் படத்துக்கு அந்தப் பெரியவர். பிப்ரவரியில் கேட்டை மறுபடி விடியலுக்கு முன் எழும்பும். இந்த முறை 15 விநாடிப் படங்கள் பத்து, தரைக்கு நீண்டது ஒன்று.