துருவ ஒளி ஓவியப் பயிற்சி என்று சொல்லி வாங்கிய 13,200 ரூபாய்: தயவுசெய்து யாரும் ஏமாற வேண்டாம்

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றால் எழுதாமலே போய்விடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். துருவப் பகுதிகளின் இரவு வானத்தில் வண்ணத் திரைபோலத் தெரியும் வடதுருவ ஒளியை (அரோரா) ஓவியமாக வரையப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லி, சமூக வலைதளப் பக்கம் ஒன்றின் வழியே கைவினைப் பொருளும் நேரலை வகுப்பும் விற்கும் ஒரு கடை, என்னிடமிருந்து 13,200 ரூபாயை வாங்கிக்கொண்டு, எதற்கும் உதவாத பொருளையும் தவறான பாடத்தையும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அது என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். 22 பிள்ளைகள் வருகிறார்கள். 2024ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இரவு வீசிய பெரிய சூரியப் புயலின்போது லடாக்கில் உள்ள ஹான்லேயின் வானம் துருவ ஒளியால் சிவந்து கிடந்த படத்தை, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அவனுடைய சித்தப்பாவின் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, “நார்வேல பச்சையா இருக்கு, நம்ம லடாக்குல மட்டும் ஏன் டீச்சர் செவப்பா இருக்கு?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கி வழிநடத்துகிறது என்றும், அவை மேல் வளிமண்டலத்தில் மோதும்போது ஏறத்தாழ 100 முதல் 250 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும் அதற்கு மேலே சிவப்பாகவும் ஒளிர்கிறது என்றும், அடிவிளிம்பில் தெரியும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைட்ரஜனுடையவை என்றும் அவனுக்கு விளக்கினேன். ஹான்லே வெகு தெற்கே இருப்பதால் தொலைதூரத்து ஒளித்திரையின் உச்சிப் பகுதி மட்டுமே அடிவானத்துக்கு மேலே தெரிந்தது, அதனால்தான் சிவப்பு. நம் கொடைக்கானலில் 1899ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சூரிய ஆய்வகத்தை நடத்தும் நிறுவனமே ஹான்லேயின் வானாய்வகத்தையும் நடத்துகிறது என்று சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காலாண்டு விடுமுறையில் எல்லோரும் துருவ ஒளி வரைவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை எந்த நிறக்குச்சியாலும் வரைந்துவிட முடியாது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். ஒரு தாளை மலைச்சரிவுபோல வளைவாகக் கிழித்து, கிழிந்த விளிம்பில் பச்சைச் சாக் பேஸ்டலை (சாக்கட்டிபோலப் பொடியாகும் வண்ணக்குச்சி) தடிப்பாகத் தேய்த்து, அதைக் கறுப்பு அட்டையின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து விரலால் மேல்நோக்கி இழுக்க வேண்டும். தாளை எடுத்தால் கீழே கூர்மையான ஒளிக்கோடும் மேலே கரைந்துபோகும் திரையும் நிற்கும். உண்மையான ஒளியும் அப்படித்தான், அடியில் தெளிவாகவும் மேலே போகப்போக மங்கியும் இருக்கும். அதன் செங்குத்துக் கதிர்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியே நிற்பவை. பிள்ளையின் விரல் மேல்நோக்கிப் போகும் அந்த ஒரு இழுப்பிலேயே பாதி அறிவியல் இருக்கிறது. இதற்கு மென்மையான சாக் பேஸ்டலும் தடித்த கறுப்பு அட்டையும் இருந்தே தீரவேண்டும்.

இவற்றைத் தேடும்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஒரு பெட்டி 750 ரூபாய். 20 பெட்டிகளுக்கு மேல் வாங்கினால் 600 ரூபாய். அத்துடன் மூன்று நாள் நேரலை வகுப்பு. அழைத்தவுடன் எடுத்த பெண் முதலில் என்னை ‘மேடம்’ என்றுதான் அழைத்தார். ஊரைச் சொன்னதும் குரல் குழைந்தது. “அட, கும்பகோணம் பக்கமா அக்கா? எங்க அம்மாவுக்கு வலங்கைமான்தான். பாடைகட்டித் திருவிழாவுக்கு வருஷம் தவறாம வருவோம். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குன்னா நானே பக்கத்துல நின்னு பேக் பண்ணி அனுப்புறேன்” என்றார். வலங்கைமான் மாரியம்மன் பெயரைச் சொல்லிப் பேசும் ஒருத்தி பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆயில் பேஸ்டலா, சாக் பேஸ்டலா என்று கேட்டேன். “சாஃப்ட் சாக் பேஸ்டல் அக்கா, விரலை வெச்சாலே கரையும்” என்று சொல்லி, கண்ணாடி வளையல் அணிந்த ஒரு கை பச்சை நிறத்தை மெல்ல மேலே இழுக்கும் சிறிய வீடியோ ஒன்றையும் அனுப்பினார். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த ஐயமும் மிஞ்சவில்லை. இன்று மாலைக்குள் முழுத்தொகையும் வந்தால்தான் 600 ரூபாய் விலை என்றார். க்யூஆர் கோடில் கடையின் பெயருக்குப் பதிலாக ஓர் ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். “அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேருதான் அக்கா” என்றார். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் 13,200 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

அந்த 13,200 ரூபாயில் என் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை, எல்லாம் பிள்ளைகளின் வீடுகள் கொடுத்தது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர்கள் உண்டு. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா, சம்பா நடவுக்குப் போய் வந்த கூலியிலிருந்து 300, 300 என்று இரண்டு தவணையாகக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் முறை வந்தபோது அவர் காலில் வயல் சேறு காய்ந்திருந்தது.

பெட்டிகள் விடுமுறையின் முதல் நாள் வந்தன. பிள்ளைகளை வைத்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே இருந்தவை பிறந்தநாள் விழாக்களில் பரிசாகக் கொடுக்கிற மெழுகு கிரேயான்கள், பெட்டிக்கு ஆறு. அட்டை என்று சொல்லப்பட்டது, சாயம் தோய்த்த மெல்லிய கறுப்புத் தாள். நாலாம் வகுப்புச் சிறுமி பச்சையை அழுத்திக் கோடு போட்டாள். மெழுகு வழுக்கிக்கொண்டு போனதே தவிர நிறம் ஏறவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி விரலால் மேலே இழுத்தாள். தாளின் சாயம் பெயர்ந்து அவள் விரல்நுனி கறுத்தது. “டீச்சர், எனக்குக் கறுப்புதான் வருது” என்று, தான் ஏதோ தவறு செய்துவிட்டதைப்போல விரலை நீட்டிக் காட்டினாள்.

பொருள்தான் போகட்டும், வகுப்பாவது உருப்படியாக இருக்கும் என்று அடுத்த நாள் நேரலைக்காகக் காத்திருந்தோம். முன்பே பதிவுசெய்த வீடியோ ஒன்று இருபது நிமிடம் ஓடி நின்றது. அதில் பேசியவர், துருவப் பனியின்மேல் நிலவொளி பட்டு வானத்தில் எதிரொளிப்பதுதான் இந்த ஒளி என்று சொன்னார்; வானவில்லைப் போல ஏழு நிறங்களையும் வரிசையாகத் தீட்டச் சொன்னார். ஹான்லேயைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான். 13,200 ரூபாய் போனதைவிட இது எனக்கு ஆறவில்லை. காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் தலையில் பொய்யை ஏற்றுவதற்கு என்ன பெயர் வைப்பது? இரண்டாம் நாள் வகுப்பும் மூன்றாம் நாள் வகுப்பும் நடக்கவே இல்லை.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், “கொரியர்ல மாறிப்போச்சு அக்கா, டீம்ல சொல்லிட்டேன்” என்றார். மூன்றாம் நாள் புகைப்படம் கேட்டார். 22 பெட்டிகளையும் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் திரும்பப் பெற இயலாது என்று வேறொரு எண்ணிலிருந்து தகவல் வந்தது. பணம் வாங்கும்போது இந்த நிபந்தனையை யாரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் நான் மீண்டும் அழைத்தபோது, வலங்கைமான் பெண் எடுத்து, “மேடம், நீங்க பேசுறது யார்கிட்டன்னு தெரியுமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அக்கா மறுபடியும் மேடம் ஆகிவிட்டாள். அன்று மாலையே அவர்களுடைய பக்கத்தில் என் கருத்து நீக்கப்பட்டது, என் எண்ணும் தடை செய்யப்பட்டது.

நேற்று கும்பகோணத்தில் ஒரு எழுதுபொருள் கடையில் கறுப்புச் சார்ட் அட்டையும் கரும்பலகைக்கு வாங்கும் சாதாரண வண்ணச் சாக்கட்டியும் வாங்கிவந்து வரைந்து பார்த்தேன். சாக்கட்டியின் நிறம் சற்று வெளிறித்தான் இருக்கிறது. ஆனாலும் விரல் இழுத்த பக்கம் ஒளி கரைந்து மேலே ஏறுகிறது. சில நூறு ரூபாயில் 22 பிள்ளைகளுக்கும் முடிந்திருக்கும் என்று தெரிந்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கடையின் பெயர் ஒன்றும் யுபிஐயில் வரும் பெயர் வேறொன்றுமாக இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி நீங்களே வரைந்து பாருங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாற்று என்று தெரிந்த அன்றே இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கும், பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் அழையுங்கள்; நான் எட்டு நாள் வீணாக்கினேன். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

1915இல் புகார் பதிவாகிவிட்டது, எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் வரவில்லை. 13,200 ரூபாயில் 4,800 ரூபாயை 8 வீடுகளுக்கு நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன், முதலில் அந்த நடவுக்காரம்மாவுக்கு. மற்ற 14 வீடுகளுக்கும் தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.